நார்ஃபோக் பிராட்ஸ் இரவு மூரிங்: எங்கே இலவசம், எங்கே காசு, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்

கிழக்கு இங்கிலாந்தில் ஆறும் ஏரியுமாகக் கிடக்கும் பிராட்ஸ் பகுதியில், தங்கிச் சுற்றப் படகு வாடகைக்கு எடுத்தவர்கள் முதலில் கேட்பது, மூரிங்குக்கு, அதாவது ராத்திரி படகைக் கரையில் கட்டி நிறுத்த, எவ்வளவு ஆகும் என்பதுதான். பதில் எளிது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஒன்றும் ஆகாது. காசு வாங்கும் இடங்களில் பெரும்பாலும் 10 முதல் 15 பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே தட்டுப்பாடு காசுக்கு இல்லை, கரைக்குத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையில் ஐம்பது பவுண்டை வைத்துக்கொண்டு ரான்வர்த் என்ற பேர்பெற்ற துறைக்குப் போய் நின்றாலும் இடம் கிடைக்காது. அதே நாளில் காலை பதினொன்றரைக்குப் போனவர் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டு, அங்குள்ள தேவாலயக் கோபுரம் ஏறிப் பார்க்கப் போயிருப்பார்.

இந்த நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொள்வது பிராட்ஸ் அத்தாரிட்டி. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி 1989 ஏப்ரலிலிருந்து இயங்குகிறது. பியூர், ஆன்ட், தர்ன், யேர், செட், வேவனி, வென்சம் என ஏழு ஆறுகள். அவற்றோடு சேர்ந்த ஏரிகள்தான் பிராட்ஸ். எரிபொருளுக்காகக் கரிமண் (பீட்) வெட்டிய பழைய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை. எல்லாம் சேர்த்துச் சுமார் 200 கிலோமீட்டர் படகு ஓடும். ஓல்டன் பிராடிலிருந்து லோஸ்டாஃப்ட் பக்கம் வெளியேறும் மட்ஃபர்ட் லாக்கை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் இரட்டை மதகு) விட்டால் வழியில் வேறு லாக்கே கிடையாது. முதல்முறை படகு ஓட்டுபவர்கள் இங்கே குவிவதற்கு இது ஒரு பெரிய காரணம். கூட்டம் சேர்வதற்கும் இதுவேதான் காரணம்.

அத்தாரிட்டியின் கையில் அறுபது சொச்சம் இலவச மூரிங்குகள் இருக்கின்றன. பலகையில் 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும். நீங்கள் கட்டிய நேரத்திலிருந்து கணக்கு. கிளம்பிய பிறகு அடுத்த 24 மணி நேரத்துக்கு அதே இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. இலவசம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தப் படகு வைத்திருப்பவர் ஆண்டுக்கொருமுறை டோல், அதாவது ஆற்றைப் பயன்படுத்தும் கட்டணம், கட்டுகிறார். வாடகைப் படகுக்கு அதைவிடக் கூடுதலாக நிறுவனம் கட்டுகிறது, அது உங்கள் வாடகையிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆற்றைத் தூர் வாருவது, மூரிங்கைப் பராமரிப்பது, ஆற்றைக் கண்காணிக்கும் ரேஞ்சர்களின் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அந்த டோலில்தான் நடக்கிறது. ஆகவே இலவச மூரிங்கில் கட்டும்போது யாருக்கும் கடன்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை. முன்பணம் கட்டியாயிற்று.

அந்த மூரிங்கில் என்ன கிடைக்கும் என்பதில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகடோ மரப்பலகையோ அடித்த கரை, கயிறு கட்டக் கம்பங்கள், வெட்டிய புல், நீரிலிருந்து ஏற ஒரு ஏணி, அவ்வளவுதான். கழிப்பறை இருக்காது. குப்பைத்தொட்டி முன்பு பல இடங்களில் இருந்தது. இப்போது விரல்விட்டு எண்ணலாம். ஒரு வாரக் குப்பையை நாற்றமில்லாமல் வைத்துக்கொள்ளத் தடித்த பைகள் நான்கைந்து கொண்டுபோவது நல்லது. மீன்குழம்பு வைக்கும் குடும்பமென்றால் எட்டு.

இந்த மூரிங்குகளில் பலவற்றின் நிலம் அத்தாரிட்டிக்குச் சொந்தமில்லை. நிலக்காரரிடம் குத்தகைக்கு எடுத்து, கரைக்குத் தகடு அடித்துப் பராமரிக்கிறார்கள். குத்தகை முடியும்போது நிலக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டாலோ, தகடு துருப்பிடித்து மாற்ற வேண்டிய கட்டம் வந்தாலோ பேச்சு முறிந்து இடம் கைவிட்டுப் போகும். ஐந்து வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை நம்பிப் போனால், மூரிங் இருந்த இடத்தில் தனியார் பலகை தொங்கும். படகு ஏறும் வாரத்தில் அந்த வருட வரைபடத்தைப் படகு வாடகைக்குத் தரும் படகுக்காரரிடம் வாங்கிவிடுங்கள். கட்டணமும் சீசனுக்குச் சீசன் ஏறும்.

இனி நேரக் கணக்கு. வாடகைப் படகு இருட்டியபின் ஓடக் கூடாது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சூரியன் மறைய எட்டரைக்கு மேல் ஆகும் என்பதால், இன்னும் நேரம் கிடக்கிறதே என்று தோன்றும். ஆனால் மூரிங் நிரம்புவது வெளிச்சத்தைப் பார்த்து அல்ல. காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் முந்தைய இரவுக்காரர்கள் கிளம்புவார்கள். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரைதான் கரை காலியாகத் தெரியும் நேரம். இரண்டு மணிக்கு மேல் நிரம்பத் தொடங்கும், பேர்பெற்ற இடங்கள் மூன்றரைக்குள் முடிந்துவிடும். ஐந்து மணிக்கு ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும் படகுகளில் பாதி, இடம் தேடிக்கொண்டு வளைவுக்கு வளைவு எட்டிப் பார்ப்பவைதான். அவர்கள் முகத்திலேயே தெரியும்.

அதனால் நாளைத் தலைகீழாகத் திட்டமிடுவதே இங்கே சரி. எட்டு எட்டரைக்குக் கிளம்பி, மூன்று நான்கு மணி நேரம் ஓட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன் இரவு மூரிங்கில் கட்டிவிடுங்கள். ஊர் சுற்றுவது, நடப்பது, தூண்டில் போடுவது எல்லாம் கட்டிய பிறகு. வேக வரம்பு இடத்துக்குத் தகுந்தபடி மணிக்கு 3 முதல் 6 மைல் என்பதால், நான்கு மணி நேரத்தில் பதினாறு மைல் போனாலே பெரிது. காலையில் சோம்பி, மாலையில் இலவச இடம் தேடி இரண்டு மணி நேரம் அலைந்தால், எரிகிற டீசல் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர். எரிபொருள் காசு கடைசியில் உங்கள் கணக்கில்தான் சேரும். மிச்சம் பிடிக்க நினைத்த கட்டணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

பப் மூரிங் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆற்றங்கரைப் பப்புகள் பலவும், இங்கே சாப்பிட்டால் மூரிங் இலவசம் என்றோ, கட்டிய பத்துப் பவுண்டைப் பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்றோ பலகை வைத்திருக்கும். எப்படியும் வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு நல்ல பேரம். படகிலேயே சமைப்பவர்களுக்கு அப்படி இல்லை. நான்கு பேர் பப்பில் சாப்பிட்டுக் குடித்தால் எண்பது பவுண்டு சாதாரணமாக ஆகும். பத்துப் பவுண்டைக் காப்பாற்ற எண்பதைச் செலவழிக்கத் தேவையில்லை. சாப்பிடவில்லை, கட்டணம் மட்டும் கட்டுகிறோம் என்று சொன்னாலே பெரும்பாலும் விடுவார்கள். காலை பத்துமணிக்குப் போன் போட்டு மேசையும் மூரிங்கும் சேர்த்துக் கேட்டால் சில இடங்களில் ஒதுக்கியும் வைப்பார்கள். ஐந்து மணிக்குப் போய் நிற்கும் நாளில் உருப்படியான வழி இது ஒன்றுதான். சனி இரவு, மழை பெய்யும் நாள், இரண்டிலும் மதியத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

பியூர், ஆன்ட், தர்ன் என்னும் வடக்கு ஆறுகளில் ரான்வர்த்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மால்ட்ஹவுஸ் பிராட் ஏரியின் ஓரத்தில் உள்ள துறை. பின்முனையைக் கரைக்குக் காட்டி வரிசையாகக் கட்ட வேண்டும். அத்தாரிட்டி இடமாக இருந்தும் இங்கே இரவுக்குக் காசு உண்டு. பக்கத்தில் பப், கடை, பத்து நிமிட நடையில் செயின்ட் ஹெலன்ஸ் தேவாலயம். கோபுரத்துக்கு 89 படி, அதன்மேல் ஏணிகள், தலைக்கு மேல் ஒரு கதவு. மேலே நின்றால் பிராட்ஸ் முழுவதும் விரிந்து தெரியும். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே நின்று, உள்ளே இருக்கும் இடைக்கால ஓவியத் திரையைப் பார்க்கலாம், அதற்கும் அவ்வளவு பேர் வருகிறார்கள். ஒரு மணிக்கு முன் போக முடியுமானால் கட்டணத்துக்குத் தகுந்த இடம். முடியாவிட்டால் துறையை மறந்துவிட்டு ஏரி நடுவில் எடைக்குண்டு போட்டு நிற்பது மேல். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆன்ட் ஆற்றில் ஹவ் ஹில் இலவசம், கரை நீளம், பார்க்க அழகு. நாணல் வெட்டி வாழ்ந்த சதுப்புநிலத் தொழிலாளியின் குடிலைச் சிறு காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், டோட் ஹோல் காட்டேஜ் என்று பெயர். கடையோ பப்போ பக்கத்தில் இல்லை. ஆகவே பாலும் ரொட்டியும் முன்பே வாங்கிவிடுங்கள். பியூரிலிருந்து வருபவர்கள் லட்ஹம் பாலத்துக்குக் கீழே போக வேண்டும், உயரமான படகென்றால் அங்கே அளவுப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான்.

செயின்ட் பெனட்ஸ் அபே மூரிங்கும் இலவசமே. இடிந்த மடத்து வாயிலுக்குள்ளேயே பிற்காலத்தில் ஒரு காற்றாலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள், விசித்திரமான கட்டடம். சுற்றிலும் வெட்டவெளி, காற்றடித்தால் ராத்திரி முழுக்கப் படகு கரையில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று நாரிச் பிஷப் வெரி எனப்படும் பழைய பாய்மரச் சரக்குப் படகில் வந்து இறங்கி இங்கே வழிபாடு நடத்துவார். அந்த வாரக் கடைசியில் இந்தப் பக்கம் இடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தர்ன் டைக்கில் வெள்ளைக் காற்றாலையை ஒட்டி ஊர்க்காரர்கள் நடத்தும் ஒடுக்கமான கால்வாய் மூரிங், சிறு கட்டணம். நீரோட்டம் இல்லை, பக்கவாட்டில் அமைதியாகக் கட்டலாம், குழந்தைகளோடு முதல் இரவுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. சால்ஹவுஸ் பிராட் தனியார் ஏரி, பத்துப் பவுண்டுக்கு மேல் போகும். மரநிழலும் சின்ன மணற்கரையும் இருப்பதால் சிறுவர்கள் நகர மாட்டார்கள். கோல்டிஷால் காமன், பியூரில் படகு போகும் மேல்முனைக்கு அருகே உள்ள புல்வெளிக் கரை, இலவசம். வ்ரொக்ஸம் பாலம் தாழ்வு என்பதால் பெரிய படகுகள் அதைத் தாண்டுவதில்லை. ஆகையால் உச்ச சீசனிலும் அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் படகு தாண்டுமா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். தாண்டும் என்றால் வ்ரொக்ஸத்தில் பைலட் ஏறிப் படகைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பார். போட்டர் ஹைகம் பழைய பாலத்துக்கும் அப்படியே. அங்கே வாடகைப் படகை நீங்களே ஓட்ட அனுமதியில்லை, நீர்மட்டம் ஏறிய நாளில் பைலட்டும் கையை விரித்துவிடுவார். வடக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் வடகடல் நீர் ஆற்றுக்குள் தேங்கி, வற்ற வேண்டிய நேரத்தில் வற்றாமல் நிற்கும். பாலத்துக்கு மேலே போய் மாட்டிக்கொண்டால் இறங்க ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். திருப்பி ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவைப் பாலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எடைக்குண்டு என்பது நங்கூரத்துக்குப் பதில் வாடகைப் படகுகளின் முன்முனையில் வைத்திருக்கும் கனத்த இரும்புக் கட்டி. சேற்றுத் தரையில் தன் எடையாலேயே அழுந்தி நிற்கும். ஏரிக்குள், நீரோட்டம் இல்லாத இடத்தில், கரையை விட்டு விலகி அதைப் போட்டால் இரவு மூரிங் செலவு பூஜ்யம். பக்கத்துப் படகின் டிவி சத்தமும் இல்லை. போடும்போது தூக்கி எறிய வேண்டாம். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (கட்டாமல் எறிந்த குண்டுகள் அந்த ஏரிகளின் அடியில் நிறையக் கிடக்கின்றன), பிறகு காற்றை எதிர்நோக்கிப் படகை நிறுத்தி, கையால் மெதுவாக இறக்குங்கள். தரை தொட்டதும் நீராழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கயிறு விடுங்கள். கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் குறிவைத்துப் பத்து நிமிடம் பார்த்தால் படகு இழுபடுகிறதா என்று தெரிந்துவிடும். காற்று பலமாகும் என்று வானிலை சொன்னால் இந்த முறை வேண்டாம். ஆற்றில் ஒருபோதும் வேண்டாம். இரவில் எடைக்குண்டில் நிற்க அனுமதி உண்டா என்பதைப் படகுக்காரரிடம் முன்பே கேளுங்கள், சிலர் மறுப்பார்கள். டிங்கி (கூடவே இழுத்துப்போகும் சிறு படகு) இல்லாமல் போனால் கரைக்கு வர வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள், நாய் வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை.

இயற்கைக் கரையில் கட்டுவது இன்னொரு வழி. அதற்குப் படகில் ஒற்றைக் கொக்கியாக வளைந்த ராண்ட் நங்கூரம் இரண்டு கொடுப்பார்கள். கூர் முனை படகை நோக்கி இருக்கும்படி வைத்து, காலால் மிதித்துக் கரையின் கரிமண்ணில் கொக்கி முழுவதும் மறையும்வரை இறக்க வேண்டும். பாதி இறங்கி நின்றால் நள்ளிரவில் கடந்துபோகும் படகின் அலை ஒன்றே போதும், பிடுங்கிக்கொண்டு வரும். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு விடாதீர்கள். கட்டக் கூடாது என்று பலகை இருக்கும் கரையிலும், பறவை கூடு வைக்கும் நாணல் ஓரத்திலும் வேண்டாம்.

தெற்கு ஆறுகளுக்கு வந்தால் கணக்கே வேறு. வாடகைப் படகுத் துறைகளில் பெரும்பகுதி வ்ரொக்ஸம், ஹார்னிங், ஸ்டாலம், போட்டர் ஹைகம் என்று வடக்கில்தான் இருக்கிறது. தெற்கே வர கிரேட் யார்மத்தைத் தாண்டி ப்ரெய்டன் வாட்டரைக் கடக்க வேண்டும். பாதிப் பேர் அதற்குப் பயந்து வடக்கிலேயே சுற்றி, இடமில்லை என்று புலம்புகிறார்கள். ஆகஸ்டில் நிம்மதியாகக் கட்ட வேண்டுமென்றால் தெற்கே போங்கள், அல்லது புக் பண்ணும்போதே பிரண்டல், லோடன் பக்கம் படகு எடுங்கள். ஒரு வாரத்துக்கு எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் தெற்கைத்தான் சொல்வேன்.

யார்மத்தைத் தாண்டும் நேரத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, கடலின் ஏற்றவற்றம்தான் தீர்மானிக்கும். அங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு பெருவோத நாளில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி) ஆறடியை நெருங்கும், நீரோட்டம் படகின் வேகத்தோடு போட்டி போடும். வற்றிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து நீர் அசையாமல் நிற்கும் வேளையில் தாண்டுவதே முறை. அப்போதுதான் பாலங்களுக்குக் கீழே உயரமும் கிடைக்கும். முந்தைய இரவு ஏக்கிள் பாலம், ஸ்டோக்ஸ்பி, ஸ்ட்ரேஸி ஆர்ம்ஸ் இவற்றில் ஒன்றில் கட்டிவிட்டு, ஏக்கிளிலிருந்தென்றால் இரண்டரை மணி நேரம் பின்னால் எண்ணிக் கிளம்புங்கள். கீழ் பியூரில் ஸ்ட்ரேஸி ஆர்ம்ஸுக்குப் பிறகு யார்மத் வரை நிற்க இடமில்லை. யார்மத் யாட் ஸ்டேஷனில் (வசதிகளோடு கூடிய, ஆட்கள் இருக்கும் மூரிங்) சீசனில் ரேஞ்சர்கள் கயிறு வாங்கிக் கட்டித் தருவார்கள், அன்றைய நேரமும் சொல்வார்கள். இரவு தங்கக் கட்டணம் உண்டு. நேரம் தவறியவர்களுக்குப் புகலிடம் என்ற அளவில் நல்ல சேவை. விரும்பிப் போய்த் தூங்கும் இடம் இல்லை. ப்ரெய்டன் வாட்டரில் சிவப்பு, பச்சைக் கம்பங்களுக்கு நடுவே மட்டும் ஓட்டுங்கள். வெளியே போனால் வற்றியபின் சேற்றில் அடுத்த ஏற்றம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரீடம், பெர்னி ஆர்ம்ஸ், யார்மத் போன்ற நீரோட்டம் உள்ள இடங்களில் கட்டும் முறையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முதலில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்: மிதக்கும் இலை, கம்பத்தைச் சுற்றும் சுழி, ஏற்கெனவே கட்டிய படகுகளின் கயிறு எது விறைத்திருக்கிறது என்பது. எப்போதும் நீரை எதிர்த்தே கரைக்கு வாருங்கள். நீரோடு சேர்ந்து வந்திருந்தால் மூரிங்கைத் தாண்டிப் போய், அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு திரும்ப வாருங்கள். நீரை எதிர்க்கும்போது இன்ஜினைக் குறைத்தாலே படகு நிற்கும், நீரோடு வந்தால் முழு ரிவர்ஸ் போட்டும் நிற்காது. கரையோடு ஒட்டியதும் முன்கயிறு முதலில். பின்கயிற்றை முதலில் கட்டிவிட்டால் ஓட்டம் முன்முனையைப் பிடித்து வெளியே தள்ளி, படகு ஆற்றுக்குக் குறுக்கே திரும்பிப் பக்கத்துப் படகின்மேல் போய் விழும். ரீடமில் கோடைகாலத்தில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. எதிரே பப் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. யாரும் குதிக்க வேண்டாம், கால் வைத்து இறங்கும் தூரம் வரும்வரை பொறுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டபடியே.

அடுத்தது கயிற்றின் தளர்வு. ஏற்றத்தில் வந்து கயிறை இறுகக் கட்டிவிட்டுத் தூங்கினால், நீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கும். சாய்ந்து, பாத்திரம் உருண்டு, கயிறு கட்டும் கொண்டியே பிய்ந்துவரும். வற்றத்தில் வந்து கட்டியவர்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில்: நீர் ஏறும்போது படகின் விளிம்பு கரைப் பலகைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் படகு எழும்ப முடியாமல் தண்ணீர் ஏறிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. முன்கயிறை நேரெதிரே உள்ள கம்பத்தில் கட்டாமல் நன்றாக முன்னே தள்ளி இருக்கும் கம்பத்திலும், பின்கயிறைப் பின்னே தள்ளியும் கட்டுங்கள். கயிறு நீளமாகவும் சாய்வாகவும் போனால், நீர் நாலடி இறங்கினாலும் கயிற்றுக்குக் குறைவுபடும் அளவு கொஞ்சம்தான். நடுவிலிருந்து குறுக்காக இன்னும் இரண்டு கயிறு போட்டால் முன்னும் பின்னும் நகராது. ஃபெண்டர்களை (கரையில் இடிபடாமல் தாங்கும் மெத்தைகள்) நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். வ்ரொக்ஸம், ஹார்னிங் பக்கம் ஏற்றவற்றம் அங்குலக் கணக்கு என்பதால் இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. சாதாரணமாகக் கட்டினால் போதும்.

தெற்கில் எனக்கு முதல் தேர்வு லோடன். செட் ஆறு குறுகலாக வளைந்து வளைந்து போய் ஊருக்குள்ளேயே முடியும். நீரோட்டம் கிட்டத்தட்ட இல்லை, இலவசம், நடந்துபோகும் தூரத்தில் சூப்பர் மார்க்கெட். இடம் கொஞ்சம்தான் என்பதால் மதியத்துக்குள் போய்விடுங்கள். நாரிச் யாட் ஸ்டேஷனில் கட்டணம், ஷவர் உண்டு, ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம் என்பதால் நடுவாரத்தில் வந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்களுக்கு வசதி. வெள்ளி, சனி இரவுகளில் பக்கத்து இரவுவிடுதிக் கூட்டத்தின் சத்தம் விடியும்வரை கேட்கும். அந்த இரண்டு நாளும் கீழே பிராமர்டன் காமனில் இலவசமாகக் கட்டிவிட்டு, நாரிச்சுக்குப் பகலில் போய்வாருங்கள். பெக்கிள்ஸ் யாட் ஸ்டேஷன் கட்டணத்துக்கு மதிப்புள்ளது: சுத்தமான ஷவர், தண்ணீர், ஐந்து நிமிடத்தில் கடைத்தெரு. படகு பெக்கிள்ஸ் பாலத்துக்குக் கீழே போகுமானால் இப்போது இயங்காத பழைய கெல்டஸ்டன் லாக் வரை போகலாம். அங்குள்ள பப்பை 2021இல் ஊர்மக்களே பங்கு போட்டு வாங்கி நடத்துகிறார்கள். ஓல்டன் பிராடில் கோடைகால வியாழன் மாலைகளில் மோட்டார் படகுப் பந்தயம் நடக்கும். அப்போது ஏரியில் மற்றப் படகு ஓடக் கூடாது. வியாழனன்று அங்கே தங்குவதானால் பந்தயத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். கடும் வெயில் நாளில் ரீடம், சோமர்லேட்டன் ரயில் சுழல்பாலங்கள் இரும்பு விரிந்து திறக்காமல் போகும். உயரமான படகுக்காரர்கள் அன்றைக்குப் பாலத்தின் எந்தப் பக்கத்தில் தங்க வேண்டும் என்பதைக் காலையிலேயே முடிவுசெய்வது நல்லது.

இலவச இடம் எதுவும் கிடைக்காத மாலையில் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. படகு எடுத்த நிறுவனத்துக்கு வேறு ஊரிலும் துறை இருந்தால், தன் வாடிக்கையாளர்களை மாலையில் அங்கே காசில்லாமல் கட்ட விடும் வழக்கம் இருக்கிறது. வாடிக்கையாளர் மாறும் நாட்களில் மட்டும் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.

கரன்ட் தூண் இருக்கும் மூரிங்குகளில் முன்பண அட்டை போட்டுப் பயன்படுத்தும் முறைதான் பழக்கம். அட்டை யாட் ஸ்டேஷன்களிலும் சில கடைகளிலும் கிடைக்கும். இரவு எட்டுக்கு அது தேவைப்படும்போது கடை மூடியிருக்கும், ஆகவே நான்கைந்து முன்பே வாங்கி வையுங்கள். கோடையில் பாதிப் பேருக்குக் கரன்ட் வேண்டியதே இல்லை, தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும். கட்டிய பின் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை இன்ஜின் போடக் கூடாது என்பது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு. ஹீட்டருக்காகப் போட்டால் பக்கத்துப் படகிலிருந்து தட்டுவார்கள். தண்ணீர் நிரப்பும் இடங்களில் சிறு கட்டணம். டாங்க் நிரம்ப அரைமணி நேரம்கூட ஆகும் என்பதால், மூரிங் தேடும் மூன்று மணிக்கு அதில் நிற்காமல் காலையில் முடித்துவிடுங்கள்.

தேம்ஸில் படகு எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு ஒப்பீடு. அங்கே லாக்குகளை ஒட்டியும் மற்ற சில இடங்களிலும் என்விரான்மென்ட் ஏஜென்ஸியின் குறுகிய கால மூரிங்குகள் உண்டு, ஆனால் ஹென்லி, மார்லோ, வின்ட்சர் போன்ற ஊர்களில் கரை நகராட்சி கையிலோ தனியார் கையிலோ இருப்பதால் இரவுக்குக் கட்டணம். நீளமாகப் புல்வெளிக் கரை கிடைப்பது தேம்ஸின் வசதி. காசில்லாமல் ஒரு வாரத்தை ஓட்டுவது பிராட்ஸில்தான் சுலபம்.

நான்கு பேர், ஏழு இரவு, ஆகஸ்ட் என்று வைத்துக்கொண்டால், நான்கு இரவு அத்தாரிட்டியின் இலவச மூரிங், ஒரு இரவு எப்படியும் சாப்பிடப் போகும் பப், இரண்டு இரவு ஷவருக்காக யாட் ஸ்டேஷன் என்று பிரிப்பதே பொருத்தம். மூரிங்குக்கென்று மட்டும் கையிலிருந்து போவது முப்பது பவுண்டுக்குள், தண்ணீரும் கரன்டும் சேர்த்து இன்னொரு பத்து. ஜூனிலோ செப்டம்பர் நடுவிலோ போனால் பள்ளிகள் நடக்கும் நேரம் என்பதால் நாலு மணிக்குப் போனாலும் பெரும்பாலும் இடம் இருக்கும். அக்டோபர் முடிந்துவிட்டால் எல்லா இடமும் காலிதான், ஆனால் யாட் ஸ்டேஷனில் ரேஞ்சர் இருக்க மாட்டார், உறைபனிக்குப் பயந்து பல தண்ணீர்க் குழாய்களையும் மூடிவிடுவார்கள். அப்போது போகிறவர்கள் கிளம்பும் துறையிலேயே டாங்கை வழியவிட்டு நிரப்பிக்கொண்டு போங்கள்.